கன்றுக்கு நெஞ்சுச் சளி: குளிர்தான் காரணமா?

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தில் மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

வாளையாறு தாண்டி மேற்கே வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வெட்டவெளி. கார்த்திகை பிறந்தால் கோவைப் பக்கமிருந்து கிளம்பும் கீழைக்காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் பாலக்காட்டுக்குள் நுழைகிறது. மலையாளிகள் இதை 'விருச்சிகக் காற்று' என்பார்கள். மாசி வரை கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று எல்லையோர ஊர்களில் எல்லாம் புழுதியை வாரி இறைத்துக் கொண்டிருக்கும்.

ஆனைமலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். மூணாறு, தேவிகுளம், வட்டவடைப் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் காற்றைவிடக் குளிர்தான் பெரிய சங்கடம். சில இரவுகளில் வெப்பம் பூஜ்யம் டிகிரி வரை இறங்கி, விடிந்து பார்த்தால் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

காற்றடிக்கும் ஊரும் பனி பெய்யும் ஊரும் வேறு வேறு. என்றாலும் இரண்டிலும் மாடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கன்றுக்குச் செய்வது ஒரே காரியம்தான். சாக்கு, தார்ப்பாய், பிளாஸ்டிக் தாள் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு தொழுவத்தை நாலு பக்கமும் மூடிவிடுகிறார்கள். வாயில்லாப் பிள்ளை குளிரில் நடுங்கக் கூடாதே என்ற பிரியம்! ஆனால் பல வீடுகளில் கன்றின் நெஞ்சைக் கெடுப்பதே இந்த மூடிய தொழுவம்தான்.

ஒரு கன்று போனால்...

லயத்துக்குப் பின்னால் ஒரு மாடு கட்டியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பெண் கன்று என்பது சீட்டுப் பணம் மாதிரி. இரண்டரை, மூன்று வருஷம் கழித்துக் கைக்குக் கிடைக்கும். மகள் கல்யாணமோ பையன் காலேஜோ அந்தக் கணக்கில்தான் நடக்கும். சித்தூர் தாலுகாவில் இரண்டு ஏக்கர் நிலத்தோடு நாலு மாடு வைத்திருப்பவருக்கும் கதை அதேதான். பால் சங்கத்தில் எழுதிப் போடும் பாலைக் கொண்டு தினச் செலவு நடக்கிறது. அடுத்த மாட்டை வாங்காமல் வீட்டிலேயே உண்டாக்கித் தருவது கன்று.

அந்தக் கன்று செத்தால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. பிழைத்துக் கொண்டால் எல்லோரும் மறந்து விடுகிறார்கள். மறக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. மாட்டின் உடம்புக்கு அதன் நுரையீரல் சிறியது. சேமிப்பாகக் கூடுதல் இடம் கிடையாது. சின்ன வயதில் நிமோனியா வந்து ஒரு பகுதி கெட்டால் அது திரும்ப முளைப்பதில்லை. அப்படிப் பிழைத்த கன்று வளர்த்தியில் பின்தங்குகிறது, சினைக்கு வருவது தள்ளிப் போகிறது, முதல் ஈற்றில் பாலும் குறையலாம் என்று பல நாடுகளில் கணக்கெடுத்துக் கண்டிருக்கிறார்கள். "தீனி தின்கிறது, உடம்பில் ஒட்டவில்லையே" என்று புலம்புகிறவர்கள், அதன் முதல் மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

பனியில் வளரும் கன்றுகள்

குளிரே நிமோனியாவை உண்டாக்கும் என்றால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. பால் உற்பத்திக்குப் பேர் போன அந்த மாநிலத்தில் பல பண்ணைகள் பிறந்த கன்றை வெட்டவெளியில், ஒன்றுக்கு ஒன்றாகச் சிறு கூண்டு வைத்து, முழங்கால் ஆழம் பனி கொட்டும் காலத்திலும் வளர்க்கின்றன. கூண்டுக்கு ஒரு பக்கம் திறப்பு. உள்ளே கன்றின் கால் மறையும் அளவுக்குக் காய்ந்த வைக்கோல். வயிறு நிறையப் பால். அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? மூணாறு அருகே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள மாட்டுப்பட்டியில் 1963-இல் இந்திய-ஸ்விஸ் கால்நடைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலைப் பிரவுன் ஸ்விஸ் காளைகளை நம் நாட்டு மாடுகளோடு சேர்த்துப் பிறந்த வழியில்தான் 'சுனந்தினி' என்ற கலப்பினம் உருவாயிற்று. 1976 முதல் கேரள கால்நடை வளர்ச்சி வாரியம் அந்தப் பணியைத் தொடர்கிறது. இன்று கேரளத்து மாடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கலப்பினம். குளிர்ச் சீமை ரத்தம் ஓடும் மாடுதான் பெரும்பாலான வீடுகளில் நிற்கிறது. அதற்கு மூணாற்றுக் குளிர் மட்டும் எமனாகி விடாது. கலப்பினக் கன்றுக்கு வேறு பலவீனங்கள் உண்டு. அழுக்கையும் கெட்ட காற்றையும் பால் குறைவையும் நாட்டுக் கன்று தாங்குகிற அளவுக்கு அது தாங்குவதில்லை.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் பல, ஆரோக்கியமான மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் எப்போதுமே குடியிருக்கின்றன. மூச்சுக் குழாயில் உள்ள நுண்ணிய மயிர்கள் அவற்றைக் கீழே இறங்க விடாமல் வெளியே தள்ளிக் கொண்டே இருக்கும். மூடிய தொழுவத்தில் மூத்திரமும் சாணமும் ஊறிக் கிளம்பும் அமோனியா வாயு முதலில் கெடுப்பது இந்தக் காவலைத்தான். அதற்கு மேல் மாடுகள் விடும் மூச்சின் ஈரம் கூரையில் முத்து முத்தாகப் படிந்து கன்றின் முதுகில் சொட்டுகிறது. காவல் போன வீட்டுக்குள் திருடன் நுழைவதுபோல் கிருமி நெஞ்சுக்குள் இறங்கி விடுகிறது.

தொழுவத்தின் காற்று கெட்டிருக்கிறதா என்று அறிய மிஷின் ஒன்றும் வேண்டாம். விடியற்காலையில் படுதாவைத் தூக்குவதற்கு முன் உள்ளே போய், கன்று படுத்திருக்கும் இடத்தில் முழங்கால் போட்டு, அதன் மூக்கு உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். கண் எரிந்தால், மூக்கில் காரம் ஏறினால், கன்று இரவு முழுவதும் சுவாசித்தது அதைத்தான். நின்றபடி பார்த்தால் தெரியாது.

அப்படியானால் காற்றில் அடிபட விடலாமா? கூடாது. பாலக்காட்டுக் காற்று நேராக மேலே அடிப்பதும் தொல்லைதான், புழுதி வேறு. செய்ய வேண்டியது இது: கிழக்குப் பக்கத்தில் கன்று நின்றால் எவ்வளவு உயரமோ அதற்குச் சற்றே மேல்வரை, அதாவது நாலடி வரை, சுவரோ தட்டியோ வைத்து அடைக்கலாம். அதற்கு மேல், கூரைக்குக் கீழே, அடைக்கக் கூடாது. சூடான கெட்ட காற்று மேலே போய் வெளியேற வழி இருக்க வேண்டும். ஆடி மாதத்துச் சாரலுக்கு மேற்குப் பக்கமும் இதே ஏற்பாடு போதும்.

மலைப் பகுதியில் கூடுதலாகத் தரை முக்கியம். ஈர சிமெண்ட் தரையில் படுக்கும் கன்றின் உடம்புச் சூடு முழுவதையும் தரை இழுத்துக் கொள்ளும். வைக்கோல் அங்கே விலை அதிகம். காய்ந்த புல், சருகு எதுவானாலும் சரி, படுத்தால் கால் மறைகிற அளவுக்குப் போட்டு, நனைந்ததைத் தினம் எடுத்து விட வேண்டும். முதுகில் சாக்குப் போர்த்துவது நல்ல வழக்கம்தான். ஆனால் சாக்கு காய்ந்திருக்க வேண்டும். நனைந்த சாக்கைப் போர்த்துவதைவிடப் போர்த்தாமல் இருப்பதே மேல். குளிர் நாட்களில் அரை லிட்டர் பால் கூடக் கொடுத்தால் அதுவே உள்ளிருந்து போர்த்தும் கம்பளி. சங்கத்துக்கு ஊற்றுவதில் அரை லிட்டர் குறையும் என்பது வாஸ்தவம். எட்டுப் பத்து நாள் ஊசி மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

சீம்பால்: நேரம் தவறினால் போச்சு

மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைத் தாயின் வயிற்றிலேயே வாங்கிக் கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி அந்தச் சக்தியைக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. முழுச் சொத்தும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை உறிஞ்சிக் கொள்ளும் குடலின் கதவு பிறந்த நிமிடத்திலிருந்தே மூட ஆரம்பிக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தால் முழுப் பலன். 24 மணி நேரம் ஆனால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நஞ்சு விழுந்த பிறகுதான் மடியில் கை வைப்பது, கன்றை ஊட்ட விடுவது. நஞ்சு விழ எட்டு மணி நேரம் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். அதற்குள் கதவு பாதிக்கு மேல் மூடியாயிற்று. கன்று ஊட்டினால் நஞ்சு விழாது என்பதற்கு ஆதாரமே இல்லை. உண்மை நேர்மாறானது: கன்று முட்டி ஊட்டும்போது கருப்பை சுருங்கும்; நஞ்சு விழ அது உதவும்.

கணக்கு எளிது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். இதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மீதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் நனைப்பதும் அப்போதே. கன்று குடித்து மிஞ்சியதில் சீம்பால் திரட்டிக் கிளறி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக் கொள்ளலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் கறவை மட்டும் கன்றுடையது. ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஒரு பாட்டில் எடுத்து வைத்தால், தாயை இழந்த பக்கத்து வீட்டுக் கன்றுக்கு உயிர் கொடுக்கும். அதைக் கொதிக்க வைத்தால் திரிந்து வீணாகும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்துக் கரைக்க வேண்டும்.

மருந்தே நோயாவது

சளிக்குக் கைவைத்தியம் செய்யும் வீடுகள் நிறைய. தூதுவளை, ஆடாதோடை, மிளகு, மஞ்சள், வெல்லம் என்று அரைத்துக் கொடுப்பதில் தப்பில்லை. கொடுக்கும் விதத்தில்தான் ஆபத்து. ஒருவர் தலையை வானம் பார்க்கத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் நாக்கை இழுத்துக் கொண்டு மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ ஊற்றுவார். நாக்கை இழுத்தால் கன்றால் விழுங்க முடியாது. மருந்து நேராக மூச்சுக் குழாய்க்குள் போகும். எண்ணெய் என்றால் இன்னும் மோசம்; இருமல்கூட வராமல் வழுக்கிக்கொண்டு நெஞ்சுக்குள் இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், மூச்சில் அழுகிய வாடை. இந்த நிமோனியாவில் பிழைப்பது அரிது. அரைத்த உருண்டையை வெல்லத்தோடு சேர்த்து நாக்கில் தடவுவதே நல்லது. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கன்றின் மூக்கு அதன் கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. செருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

பால் பாட்டில் நிப்பிளில் சீக்கிரம் குடிக்கட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக்குவதும் இதே கதைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இருமல் கேட்ட பிறகு கவனிப்பவர்களே அதிகம். இருமல் வருவதற்கு முன்பே கன்று சொல்லிவிடும். காலையில் பால் பாத்திரம் குலுங்கும் சத்தம் கேட்டதும் எழுந்து கயிற்றை இழுக்கும் கன்று, ஒருநாள் எழ யோசித்தால் அதுதான் முதல் தந்தி. குடிக்கும், ஆனால் அரைகுறையாகக் குடிக்கும். ஒரு காது மட்டும் தொங்கும். கண்ணோரம் ஈரம் கட்டும். மூக்கில் முதலில் தண்ணீர் போல் ஒழுகும். அது வெண்மையாக, மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் உள்ளே நோய் முற்றுகிறது என்று அர்த்தம்.

பிறகு மூச்சு. கன்று நிழலில் அமைதியாகப் படுத்திருக்கும்போது, கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு அதன் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். முப்பது, முப்பத்தைந்து என்றால் பயமில்லை. நாற்பதைத் தாண்டிக் கொண்டே போனால் கவனம் தேவை. வெயில் வேளையிலும் துள்ளி ஓடிய பிறகும் எண்ணினால் கணக்குத் தப்பும். பங்குனியில் பாலக்காட்டு வெயிலில் நடுப்பகலில் எந்தக் கன்றும் வேகமாகத்தான் மூச்சு விடும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, வயிறு துருத்தி போல் அடித்துக் கொண்டால் எண்ணிக் கொண்டிருக்க நேரமில்லை.

மூன்றாவது தெர்மாமீட்டர். ஒன்றை மாட்டுக்கென்று தனியாக வாங்கி வைப்பது நல்லது. ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் கன்றுக்கு 101.5 முதல் 102.5 டிகிரி வரை சாதாரணம். 103 காட்டினால் காய்ச்சல். காதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது நம்பத் தகுந்தது அல்ல; குளிரில் காது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் வெப்பம், இருமல், மூக்கு, கண், காது என்று இந்த ஐந்தையும் பார்த்துப் பரீட்சை பேப்பர் மாதிரி மார்க் போடும் ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். ஒரு குறி மட்டும் தெரிந்தால் கவனித்துக் கொண்டிருக்கலாம். இரண்டு, மூன்று சேர்ந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். நாளைக்கு என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் நுரையீரலில் ஒரு பகுதி.

டாக்டர் மூன்று நாள், ஐந்து நாள் என்று ஊசி எழுதினால் முழுவதும் போட்டுத் தீர வேண்டும். இரண்டாவது நாளே கன்று துள்ளுகிறது என்று நிறுத்தினால் பத்தாம் நாள் நோய் திரும்பி வரும். முதலில் கேட்ட மருந்துக்கு அப்போது கேட்காமலும் போகலாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி, ஊசி போடத் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் போட்டுக் கொள்வதும் இந்த வகையே.

சளி மாதிரி, ஆனால் சளி இல்லை

திடீரென்று கடும் காய்ச்சல், வாயில் எச்சில், தொண்டைக்குக் கீழே சூடான வீக்கம், கர்கர் என்ற மூச்சு. இது தொண்டை அடைப்பான். மலையாளத்தில் 'குரலடப்பன்'. ஒரே நாளில் கொன்றுவிடும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாதமான கன்றுக்கு, மழைக்காலம் தொடங்கும் முன், வருஷம் ஒருமுறை. ஊரில் பெரிய மாடுகளுக்குக் கோமாரி வந்திருக்கும்போது கன்று மூச்சுத் திணறினாலும் சளி என்று நினைக்கக் கூடாது. கோமாரிக் கிருமி கன்றின் இதயத்தைத் தாக்கும். வாயில் புண் வருவதற்கு முன்பே கன்று சாயும். கோமாரித் தடுப்பூசி நாலு மாதம் முடிந்ததும் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

காய்ச்சலே இல்லாமல், நன்றாக மேய்ந்து கொண்டு, வாரக் கணக்கில் இருமும் கன்றும் உண்டு. மலையில் ஈரப் புல் மேய்கிற கன்றுகளிடம் இதைப் பார்க்கலாம். நுரையீரலில் புழு இருக்கலாம்.  பிறந்த பத்தாம் நாளிலிருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கச் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

சந்தையிலிருந்து வரும் கன்று

பொள்ளாச்சியிலோ வாணியங்குளத்திலோ சந்தையில் வாங்கி, டெம்போவில் நிற்க வைத்து, தண்ணீர் காட்டாமல் கொண்டு வந்த கன்று ஒரு வாரம், பத்து நாளில் நெஞ்சுச் சளியில் விழுவது வழக்கம். அமெரிக்காவில் இதற்கு 'பயணக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அலைச்சலில் உடம்பு தளர்ந்த நேரத்தில் பத்து ஊர் மாடுகளின் கிருமி ஒன்றாகச் சேருகிறது. வீட்டுக்கு வந்ததும் பழைய கன்றுகளோடு கட்டாமல் மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். தண்ணீர் வாளியும் தனி. புதிய கன்றுக்குக் கடைசியில் தீனி வைத்துக் கை கழுவினால் போதும், செலவில்லாத காரியம்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

பஞ்சாயத்துதோறும் 'மிருகாசுபத்திரி' உண்டு. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்குச் சொல்லலாம். தமிழகத்திலும் இதே எண்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் வசிப்பவர்களுக்கு எட்டும் தூரத்தில் தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. போன் செய்யும் முன் கன்றின் வயது, எத்தனை நாளாக நோய், காய்ச்சல் எத்தனை டிகிரி, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தோம் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக் கொண்டால் பாதி வேலை முடிந்தது. கைவைத்தியம் செய்ததை மறைக்க வேண்டாம். யாரும் அடிக்கப் போவதில்லை.

பாஷையில் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிதாகக் கேரளத்துக்கு வந்தவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மலையாள டாக்டர் "பனி உண்டோ?" என்று கேட்டால், "ஆமாங்க, எங்க பக்கம் ராத்திரியில் நல்ல பனி" என்று பதில் சொல்லக் கூடாது! மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். இருமலுக்குச் 'சும'. மூக்கு ஒழுகினால் 'மூக்கொலிப்பு'. மூச்சுத் திணறல் 'ஸ்வாசம்முட்டல்'. கோமாரி என்றால் அவர்களுக்குச் சட்டென்று விளங்காது. 'குளம்புரோகம்' என்று சொல்ல வேண்டும்.